மீன் தொட்டியாகாத கம்ப்யூட்டர்

கேளம்பாக்கத்தில் ஒரு காயலான் கடையில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். நரைத்த கொண்டையில் ஸ்குரூ டிரைவரைச் செருகியிருந்தார். எதையும் உடைப்பதற்கு முன் ஒருமுறை கரண்ட் கொடுத்துப் பார்ப்பது அவர் பழக்கம். உயிர் வராவிட்டால்தான் சுத்தியலை எடுப்பார்.

அவர் மேசையில் பழைய குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. திரையும் பெட்டியும் ஒரே உடம்பு. மேலே கைவிட்டுத் தூக்க ஒரு குழி, திரைக்குக் கீழே ஃப்ளாப்பி செருக ஒரு வாய். உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு எங்கள் ஃபிளாட்டில் மீன் தொட்டியாக்கப் போகிறேன் என்று சொல்லி விலை கேட்டேன்.

அவர் சுவிட்சைப் போட்டார். சாம்பல் திரை விழித்தது. நடுவில் சின்ன ஃப்ளாப்பி படம், அதற்குள் ஒரு கேள்விக்குறி மின்னியது.

"ஃப்ளாப்பி குடுன்னு கேக்குது பாரு. கேட்டுகினு கீறத எப்படி ஒடைக்கிறது?"

"அது இப்ப யாருகிட்டயும் இல்லையேம்மா. இத வச்சி என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாட்டி இன்னா? உசுரு கீதில்ல. மீனுக்குத்தான் அம்மாம் பெரிய கடல் கீதே கோவளத்துல. நீ கெளம்பு."

ஷேர் ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். என் பையில் இருப்பதைப் போலவே ஒரு லேப்டாப்புக்குக் கரண்ட் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு சுத்தியலை எடுத்தார்.