காமாட்சிக்கு ஒரு கக்கூஸ்

1957 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணி பத்து நிமிடம். மலைப் பக்கம் கருமேகம். ஊருக்குள் தூறல் இல்லை, காற்று மட்டும்.

அந்த நிமிடத்தில்தான் என் மனைவி காமாட்சி எங்கள் வீட்டுப் புதுக் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் வெளியே கடிகாரத்தோடு நின்றேன். ஆறு நிமிடம் கழித்துக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். மூன்று மாதம் அலைந்து, முந்நூறு ரூபாய்க்கு மேல் செலவழித்து... கிடைத்தது ஒரு வார்த்தை!

என்னை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும் — எண்ணுவது. ஏலத்தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவனுக்கு வேறு என்ன வரும்? ரிடையர் ஆன பிறகு எண்ணுவதற்கு மூட்டைகள் இல்லை. வீட்டில் இருப்பதை எண்ணுகிறேன். கடந்த ஆனி மாதத்திலிருந்து நான் எண்ணி வந்தது, காமாட்சி ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகளை.

ஆனியில்தான் அவள் விழுந்தாள். சாரல் அடித்த ஒரு விடியற்காலை, ஓடைக்கரையில் வழுக்கி, தொடை எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது. கம்பு ஊன்றி நடக்கிறாள். ஆனால் குந்தி உட்கார முடியாது. இனி எப்போதும் முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஓடைக்கரைக்கு எதற்குப் போனாள் என்று கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் பெண்கள் எல்லோரும் இருட்டு விலகுமுன் செம்பை எடுத்துக்கொண்டு போவது அங்கேதான். தினமும் எல்லோரும் செய்கிற காரியம்; எழுத மட்டும் ஏன் கூச்சம்?

விழுந்த பிறகு, நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்தோம். அதை எடுத்துப் போக நகராட்சி ஆள் வருவார். அவர் வருகிற நேரத்துக்குக் காமாட்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இன்னொரு மனுஷன் நம்முடையதைத் தூக்கிப் போவதா என்ற கூச்சம் அவளைத் தின்றது. சாப்பாட்டைக் குறைத்தாள். மூன்று இட்லி இரண்டாகி, இரண்டு ஒன்றானது. தண்ணீரை விளிம்பில் வைத்து உதட்டை நனைத்துக்கொள்வாள். இப்படியே போனால் கூடின எலும்பும் நிற்காது, ஆளும் நிற்காது என்று வைத்தியர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

பேச்சும் குறைந்தது. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பதினொரு வார்த்தை. அதில் நான்கு பூனைக்கு.

ஒரே ஒரு கேள்வி மட்டும் தினமும் இருந்தது.

"யானைக்கல்லு முங்கிருச்சா?"

ஓடையின் நடுவில் யானை படுத்திருப்பது போல ஒரு பாறை. மலையில் நல்ல மழை என்றால் அது மூழ்கும். எனக்கு எப்படித் தெரியும்? அது பெண்கள் போகிற பக்கம். ஆண்கள் எட்டிப் பார்க்கக்கூட மாட்டோம். ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிற நான், மனைவி கேட்ட ஒரே கேள்விக்கு விடை தெரியாமல் நின்றேன்.

அப்போதுதான் செய்தி வந்தது. போடிமெட்டுக்கு மேலே நான் வேலை பார்த்த எஸ்டேட்டில், துரை கப்பலேறிப் போய்விட்டார். பங்களாவை நம் ஊர் வியாபாரி ஒருவர் வாங்கி ஏலக்காய் ஸ்டோர் ஆக்குகிறார். உள்ளே இருந்த சாமான்களை விற்கிறார். எனக்கு ஞாபகம் வந்தது துரையின் கக்கூஸ். முப்பத்தொரு வருஷத்தில் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. ஒருமுறை கதவு திறந்திருந்தபோது தூரத்திலிருந்து பார்த்தேன் — வெள்ளை வெளேரென்று, நாற்காலி உயரத்தில். குந்த வேண்டியதில்லை. உட்கார்ந்தால் போதும்!

மறுநாளே மேலே போய்ப் பேரம் பேசி வாங்கினேன். வைக்கோல் சுற்றி, ஏலக்காய்ச் சாக்கில் கட்டி, ஜீப்பில் ஏற்றினோம்.

கேரள எல்லைச் செக்போஸ்டில், ஏலக்காய் கடத்துகிறோமோ என்று நிறுத்தினார்கள். "ஏலமாணோ?" என்று கேட்டார் காவல்காரர். டிரைவர், "கக்கூஸ் சாரே" என்றான். அவர் நம்பவில்லை. சாக்கை அவிழ்க்கச் சொன்னார். பீங்கானின் வளைந்த குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். சாக்கின் குணம் — நல்ல முதல் தர ஏலக்காய் வாசம்! மறுபடியும் சந்தேகம். அரை மணி நேரம் அந்தக் குளிரில் நின்று, அதன் உபயோகத்தை ஜாடையில் விளக்கிய பிறகே விட்டார்.

எங்கள் கொத்தனார் சுப்பையா ஆயுளில் இதைப் பொருத்தியதில்லை. குளிக்கிற அறையை ஒட்டி, பின்சந்துச் சுவரோரம் இடம் பார்த்தோம். கொல்லையில் செப்டிக் டாங்கி தோண்டினோம். உயரம் சரியா என்று பார்க்க, முற்றத்தில் வைத்து என்னையே உட்காரச் சொன்னார். வேட்டியோடு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் மூன்று தலைகள் தெரிந்தன.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருந்தேன். சந்து வழியாகத்தான் பெண்கள் ஓடைக்குப் போவார்கள். ஆகையால் ஜன்னலை உயரத்தில் வைத்து, கண்ணாடி போட்டு அடைக்கச் சொன்னேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இப்படியாகத்தான் அந்த அக்டோபர் 13. இப்படியாகத்தான் "இருக்கு."

சரி, போகப் போகப் பேசுவாள் என்று காத்திருந்தேன். பேசவில்லை. அதற்குப் பதில் வேறொன்று நடந்தது. முதல் நாள் ஆறு நிமிடம் இருந்தவள், நான்காம் நாள் கால் மணி நேரம் இருந்தாள். இரண்டாவது வாரம் அரை மணி தாண்டிவிட்டது. தினமும் அதே ஐந்து மணி. வெளியே நின்று குரல் கொடுத்தால், "வர்றேன்" என்பாள். வர மாட்டாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாப்பிடாமல் கிடந்த வயிறு கட்டிக்கொண்டதோ? கடுக்காய்க் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தாள். விளக்கெண்ணெய் கொடுத்தேன். அதையும் குடித்தாள். மறுநாளும் அரை மணி நேரம்! வைத்தியருக்கு ஆள் அனுப்பினேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, கஷாயத்தை நிறுத்தும் என்று என்னைக் கடிந்துகொண்டு போனார்.

நவம்பர் பிறந்த அன்று, தண்ணீர் இறைக்கக் கொல்லைக்குக் கொஞ்சம் முன்னதாகவே போனேன். காமாட்சி உள்ளே இருந்தாள். சந்தின் அந்தக் கோடியிலிருந்து பெண்களின் பேச்சு வந்தது. செம்பு உரசுகிற சத்தம். யாரோ என்னவோ சொல்ல, ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு நெருங்கி நெருங்கி வந்தது...

எங்கள் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டது.

காலடிச் சத்தம் மட்டும். பத்தடி, இருபதடி. சுவர் தாண்டியதும் மறுபடி பேச்சு, தேய்ந்து மறைந்தது. நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். அரை மணி கழித்து அவர்கள் திரும்பினார்கள். அதே போலச் சிரிப்பு. சுவர் வந்ததும் மௌனம். கடைசிக் காலடி ஓய்ந்த பிறகுதான் கக்கூஸ் கதவு திறந்தது.

எத்தனை வருஷம் அவர்களோடு போனாள்! எனக்கு அது ஒரு காரியம். அவளுக்கு அது நாளின் முதல் அரை மணி — மாமியார் இல்லாத, புருஷன் இல்லாத, அடுப்பு இல்லாத அரை மணி.

எதிர்வீட்டுச் சீனியம்மாள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. ஏணி இரவல் கேட்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். ஏணியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினேன். இந்த விஷயத்தை ஒரு ஆண்பிள்ளை எப்படி ஆரம்பிப்பது? கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"ஏத்தா, எங்க சொவத்துக்கிட்ட வந்ததும் ஏன் வாய மூடிக்கிர்றீக?"

அவளும் தரையைப் பார்த்தாள்.

"மதினி உள்ள ஒத்தையில இருக்கு. நாங்க சிரிச்சுக்கிட்டுப் போறது காதுல விழுந்தா, நம்மள விட்டுட்டுப் போறாளுகளேன்னு அதுக்கு நோகும்ல, அண்ணே? அதான் சத்தங்காட்டாமப் போறோம்."

"அவ ஒங்க சத்தத்துக்காகத்தான் உள்ள உக்காந்திருக்கா."

சீனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவளுடைய வழக்கமான வாய் திரும்பி வந்துவிட்டது. "அப்ப அந்தக் கண்ணாடிய எதுக்கு அண்ணே அடைச்சு வச்சிருக்கீக? தொரை பங்களாச் சாமானுக்குச் சளி பிடிச்சுக்கிருமோ?"

அதற்காகக் கேட்ட ஏணி அல்ல. ஆனால் அதற்குத்தான் பயன்பட்டது. அன்றே கண்ணாடியை எடுத்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை அடுப்படியில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். தூறல். சந்தில் காலடி வந்தது. எங்கள் சுவரருகே நின்றது. பேச்சே இல்லை. போய்விடுவார்களோ என்று இருந்தது. அப்போது சீனியம்மாளின் குரல்:

"மதினி... யானைக்கல்லு முங்கிருச்சு."

தண்ணீர் கொதித்தது, நான் இறக்கவில்லை.

"முழுசாவாடி? இல்ல, நெத்தி தெரியுதா?" என்றாள் காமாட்சி.

"நெத்தி மட்டும் தெரியுது. நீ வழுக்கி விழுந்த எடத்துல இடுப்பளவு தண்ணி. இப்ப விழுந்திருந்தா ஒன்னய வைகையிலதான் போய் எடுக்கணும்."

பிறகு யாரோ தணிந்த குரலில் என்னவோ சொன்னார்கள். என் காதுக்கு எட்டவில்லை. உடனே சிரிப்பு — வெளியே மூன்று, உள்ளே ஒன்று. அந்த உள் சிரிப்பை நான் ஆனி மாதத்துக்குப் பிறகு கேட்கவில்லை.

இப்போது தினமும் திரும்புகிற வழியில் நிற்கிறார்கள். சீனியம்மாளுக்கும் முழங்கால் வலி. எத்தனை நேரம் நிற்பாள்? சுப்பையாவைக் கூப்பிட்டு, சந்தில் சுவரோரம் ஒரு கல் பலகை போடச் சொன்னேன். அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கக்கூஸுக்கு வெளிய எதுக்குய்யா பெஞ்சு? ஆளுக வரிசையில காத்திருக்கவா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

காமாட்சி இப்போது மூன்று இட்லி சாப்பிடுகிறாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். வார்த்தைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டேன், கை கொள்ளவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் சாயங்காலம் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "மொதத் தண்ணி கால்ல படுறப்ப சுரீர்னு இருக்கும்." அந்த ஓடைத் தண்ணீரை நான் எந்த ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவர? ஒரு சௌகரியத்தை வீட்டுக்குள் கொண்டுவரும்போது, எதை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறோம் என்று எந்த பில்லிலும் எழுதியிருப்பதில்லை.

எனக்கும் ஓர் ஏக்கம் உண்டு. காலையில் அப்படி என்னதான் சிரிக்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டேன். "அது பொம்பளைக சோலி" என்றுவிட்டாள். தினமும் ஐந்து மணிக்கு இரண்டு டம்ளர் காப்பியை ஆற்றிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். வார்த்தை கேட்காது. சிரிப்பு மட்டும் வரும்.

பீங்கான், ஜீப்பு, டாங்கி, சுப்பையா கூலி எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பதினெட்டு ரூபாய் ஆறு அணா. கல் பலகைக்கு ஐந்து ரூபாய் பன்னிரண்டு அணா. ஆக மொத்தம் முந்நூற்று இருபத்து நான்கு ரூபாய் இரண்டு அணா — சிரிப்பு உட்பட.