தாம்பாளத்தில் வந்த ஜீன் ரிப்போர்ட்

சம்பந்தி முனிரத்தினம் போய்விட்ட சேதியை என் மருமகள்தான் போனில் சொன்னாள். "கடைசியா பேசுனப்போ கூட நைனா உங்களத்தான் கிண்டல் பண்ணிக்கினு இருந்தாரு மாமா" என்று அழுதாள். அழ உட்கார்ந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரோடு பழகிய உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

வரதய்யபாளையத்து விவசாயி. பீடியைத் தொடாதவருக்கு நுரையீரலில் புற்றுநோய். திருப்பதி டாக்டர் கட்டியில் ஒரு துண்டு எடுத்து, அதன் ஜீனைப் படிக்க பெங்களூருக்கு அனுப்பினார். ஒரு ஜீன் மாறியிருந்தது. அதைக் குறிவைத்து அடிக்கும் மாத்திரையும் இருந்தது. தினமும் அதை விழுங்கிவிட்டு, பழையபடி வயலுக்குப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் பழகிய அவர் மகளும் என் மகனும் கல்யாணம் கேட்டு நின்றார்கள். ஜீன் என்றால் வம்சம், நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வரும் என்றார்கள் என் உறவுக்காரர்கள். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதிய விஞ்ஞானி நான், தலையாட்டினேன். பேச்சு முறிகிற நிலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சத்தியவேட்டில் என் வீட்டுக்கு வந்து இறங்கினார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பெண்ணின் ஜாதகம். அதன்மேல் அந்த ரிப்போர்ட்.

"ஜாதகம் பாக்குறீங்கல்ல, இதையும் பாத்துடுங்க சம்பந்தி. புரியலன்னா டாக்டராண்ட போலாம்."

தாம்பாளத்தில் வந்த காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரிப்போர்ட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டேன்.

முனிரத்தினம் சிரித்தார். சிரித்தால் அவருக்கு இடது கண் மட்டும் முழுசாக மூடிக்கொள்ளும். "மஞ்ச வெச்சிட்டீங்க. அப்ப சம்மதம்தான்."

ஆனாலும் விடாமல் என்னைத் திருப்பதிக்கு இழுத்துப் போனார். மஞ்சள் மூலைகளைப் பார்த்த டாக்டர், ரிப்போர்ட்டுக்குப் பூஜை போட்டது யார் என்று தெலுங்கில் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு பொறுமையாகச் சொன்னார்: இந்த மாற்றம் பிறவியில் வந்ததல்ல, கட்டிக்குள் மட்டும் உண்டானது, பிள்ளைகளுக்குப் போகாது.

வெளியே வந்ததும் சம்பந்தி பெருமூச்சு விட்டார். "சொத்தும் இல்ல, இப்ப நோவும் இல்லன்னுட்டாரு. என் பொண்ணுக்கு இன்னாத்ததான் குடுத்தனுப்புறது?"

கல்யாணத்தில் ஆடினார். பேரனைத் தோளில் தூக்கித் திரிந்தார். சில வருஷம் கழித்து மாத்திரைக்குக் கட்டுப்படாமல் கட்டி மறுபடி மாறியது. அவர் கேலி மட்டும் மாறவில்லை.

நேற்று பேரன் என் மடியில் விழுந்து சிரித்தான். இடது கண் முழுசாக மூடிக்கொண்டது. சம்பந்தி, நீங்கள் கொடுத்தனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.