கரண்ட் அடிக்கும் நெஞ்சு

என் இடது கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்குள், தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. என் இதயம் தானாக அடிக்கச் சோம்பல்படும் சாதி. அந்தப் பெட்டிதான் ஒரு கம்பி வழியாக அதைத் தட்டித் தட்டி வேலை வாங்குகிறது. பல வருடம் ஒழுங்காக இருந்த பழைய பெட்டியின் பற்றரி இறங்கிவிட்டதால், இந்தப் பங்குனியில் அதை எடுத்துவிட்டு அதே குழியில் புதியதை வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னையும் என் கணவரையும் இருத்தி வைத்துச் சொன்னார்.

"முதல் தரம் வைக்கிறதைவிட, மாத்தி வைக்கேக்கதான் கிருமி போற பயம் கூட. தோலோட நிண்டா மருந்து தந்து மாத்தலாம். பெட்டிக்குப் போச்செண்டா கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நேர இதயத்துக்குப் போயிடும். பிறகு பெட்டி, கம்பி எல்லாத்தையும் இழுத்து எடுக்கிறதைத் தவிர வேற வழியில்லை."

அந்தக் கம்பி இத்தனை காலத்தில் என் சதையோடு ஒட்டிப்போயிருக்கும், இழுப்பது லேசான காரியமில்லை என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற நேர்ஸ் சிங்களத்தில் ஒரே வரியில் முடித்தாள்: "அத தியன்ன எபா." கை வைக்கக் கூடாது. காயம் சிவந்தால், வீங்கினால், சுட்டால் உடனே வரவேண்டும்.

கை வைக்காமல் இருக்க நான் தயார். என் கணவரின் குடும்பம் தயாரில்லை.

அவர்கள் கொட்டாஞ்சேனை ஆட்கள். நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் எனக்குச் சுகமில்லை என்றால் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். வந்தால் சும்மா பார்த்துவிட்டுப் போகிற பழக்கம் கிடையாது. வருத்தக்காரரைத் தொட்டு, தடவி, நெற்றியில் சிலுவை போட்டு, கொச்சிக்கடைக் கோயில் எண்ணெயை நோகிற இடத்திலேயே பூசினால்தான் வந்ததற்கு மரியாதை. என் முழங்காலுக்கு எத்தனையோ தரம் பூசியிருக்கிறார்கள். முழங்கால் வேறு, இது வேறு.

முதலில் வந்தவர் என் மச்சாள், கணவரின் அக்கா. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. கீழ்த் தளத்திலிருந்தே குரல் கேட்டது. உள்ளே வந்தவர் நெஸ்டமோல்ட் மா டின்னையும் திராட்சைப் பழத்தையும் மேசையில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்தார்.

"காட்டும் பாப்பம். புதுப் பெட்டி பெரிசோ? தொட்டுப் பாக்கட்டே?"

பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த விரல், எண்ணெயில் தோய்ந்து என் தையலை நோக்கி வருகிறது. வேண்டாம் என்றால் விசுவாசம் இல்லாதவள் என்பார். டொக்டர் சொன்னார் என்றால், "டொக்டருக்கு மேல ஒருத்தர் இருக்கிறார்" என்பார். எனக்கு வந்த எரிச்சலில் வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"ஐயோ மச்சாள், கிட்ட வராதேங்கோ! புதுசெல்லோ, தொட்டா கரண்ட் அடிக்கும்!"

விரல் அப்படியே நின்றது. "மாதாவே!" என்று கையை இழுத்துக்கொண்டார்.

என்ன அருமையான பொய்! மச்சாளுக்கு ஒன்று தெரிந்தால் கொட்டாஞ்சேனைக்கே தெரிந்த மாதிரி. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் கதவடியில் நின்றே சுகம் விசாரித்தார்கள். மேல்வீட்டுப் பெண் சூப் கோப்பையைக் கையை முழு நீளத்துக்கு நீட்டித் தந்தாள். ஒரு மாமி எண்ணெயைத் தூரத்திலிருந்து எனக்குக் காட்டி, செபித்து, மூடிக் கொண்டுபோய்விட்டார். அவர்கள் போனதும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பேன். சிரித்தால் தையல் இழுக்கும். இழுத்தாலும் சிரிப்பேன்.

அந்தப் பொய்யை என் கணவரும் நம்பிவிட்டார் என்பதுதான் நான் எதிர்பாராத வெற்றி.

அவர் மின்சாரத்துக்குப் பயந்த மனுசன். எப்போதோ அயன் பெட்டி ஒன்று அவருக்கு அடித்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு பல்ப் மாற்றுவதென்றாலும் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மாற்றுவார். பெட்டியைப் பற்றி டொக்டர் சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் மச்சாளுக்கு நான் சொன்னதைக் கேட்டதும் டொக்டர் இதைத் தனியே எனக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹோல் செற்றிக்குப் படுக்கப் போனார். குறட்டையும் அவரோடு போனது. நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்?

ஒரு கிழமை கழிந்திருக்கும். காயத்தில் ஒருவித இறுக்கம். சோறு பிடிக்கவில்லை. சித்திரை வெயிலில் கொழும்பில் யாருக்குத்தான் சோறு பிடிக்கிறது என்று இருந்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். சிவந்தால் வா என்று சொன்னார்கள், சரி. என் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? நான் நல்ல கறுப்பி. தொட்டுப் பார்த்தேன், சுடுகிற மாதிரியும் இருந்தது, சுடாத மாதிரியும் இருந்தது. தன் உடம்புச் சூடு தன் கைக்குப் பிடிபடாது. இன்னொருவர் தொட்டுப் பார்க்கவேண்டும். இந்தக் கொழும்பிலேயே என்னைத் தொட ஒருவரும் இல்லாமல் செய்து வைத்தவள் நான்தான். தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மச்சாள் அடுத்த பஸ்ஸில் எண்ணெயோடு நிற்பார். கிளினிக் நாள் வருகிறதுதானே, பொறுப்போம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் தேத்தண்ணி கொண்டுவந்த என் கணவர் வழமைபோலத் தூரத்தில் வைத்துவிட்டுப் போகவில்லை. நின்று பார்த்தார்.

"இஞ்சேர், உன்ர முகம் சரியில்லை. காயம் சுடுதோ?"

"தெரியேல்ல. சுடாது."

"தெரியேல்லையெண்டா என்ன, சுடாதெண்டா என்ன? ஒண்டைச் சொல்லு."

அவர் குசினிக்குள் போனார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வந்தபோது மோதிரம் விரலில் இல்லை. காலில் றப்பர் செருப்பு. ஒரு கையில் தேங்காய் துருவ உட்காரும் பலகை, மறு கையில் பாத்திரம் கழுவுகிற றப்பர் கையுறை. பலகையைக் கட்டிலோரம் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து "இஞ்சேருங்கோ" என்றேன்.

"பேசாம இரு."

கையுறையைப் பார்த்தார். "இதைப் போட்டா சூடு தெரியாது" என்று தனக்கே சொல்லி, கட்டிலில் எறிந்தார். முகம் வெளிறியிருந்தது. கண்ணை மூடினார், உதடு அசைந்தது. வெறும் புறங்கையை என் காயத்தோரம் வைத்தார்.

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"கொதிக்குது. எழும்பு, சாரியை மாத்து."

ஆஸ்பத்திரியில் டொக்டர் என் நெஞ்சில் கை வைக்கப் போனபோது இவர் கத்தியேவிட்டார்: "டொக்டர், கவனம்! கரண்ட்!"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அதில் என்ன கரண்ட், அதைத் தொடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது என்று விளங்கப்படுத்திவிட்டு, காயத்தை அமத்திப் பார்த்தார், இரத்தம் எடுத்தார், ஸ்கேன் செய்தார். நாங்கள் காத்திருந்தோம். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குப் பெட்டியை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், இவருக்கு என்மேல் கோபமோ என்ற பயம் ஒரு பக்கம்.

கிருமி தையலோடு நின்றுவிட்டது, பெட்டிவரை போகவில்லை என்று டொக்டர் வந்து சொன்னார். "நல்ல வேளைக்கு வந்தனீங்கள். பிந்தியிருந்தா எல்லாத்தையும் எடுத்திருப்பம்." சில நாள் வார்ட்டில் வைத்து, ஊசி மருந்து ஏற்றி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், த்ரீவீலருக்குள், என்னால் தாங்க முடியாமல் கேட்டேன். "கோபமோ?"

"பொய் சொன்னதுக்கு இல்லை," என்றார். வெளியே காலி வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பலகையில ஏறேக்க, இண்டையோட சரியெண்டுதான் நினைச்சனான். மோதிரத்தைச் சீனிப் போத்தலடியில வைச்சனான், உன்ர கண்ணில படட்டுமெண்டு."

நான் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலையணையைத் திரும்ப அறைக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

போன ஞாயிறு மச்சாள் எண்ணெய்ப் போத்தலோடு மறுபடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"அக்கா, அங்கயே நில்லுங்கோ. இன்னும் கரண்ட் அடிக்குது."

மச்சாள் கதவடியில் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார். இவர் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தார், கை என் தோளைச் சுற்றிக் கிடந்தது.

"அப்ப உனக்கு அடிக்கேல்லையோ?"

"அடிக்கும்," என்றார், கையை எடுக்காமல். "எனக்குப் பழகிப்போச்சு."