அக்காவின் சுவரில் நின்ற அமெரிக்கர்கள்

வோபர்ன் ஊரில் அக்காவின் மகளுக்குக் கலியாணத் தலை அலங்காரம் செய்த கடையில் ஸ்பிரே மணந்ததும், எப்போதோ இடிபட்டுப்போன எங்கள் லண்டன் வீட்டில், அக்காவின் அறைக்குள் நின்றேன். எண்பதுகளின் கடைசியில் அவளுடைய பள்ளிக்கூடமே மெட்டல் எனும் இரைச்சல் இசை பாடிய அமெரிக்கப் பாட்டுக்காரருக்குப் பைத்தியமாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரூடாகவும் அதே கிட்டார்தான் அதிரும், ஈரம் ஊறிய எங்கள் சுவரிலோ ஊதிவிட்ட பொன்முடியும் உதட்டுச் சாயமும் சிறுத்தைப்புள்ளிக் காற்சட்டையுமாக அவர்கள் ஒட்டிய படங்களில் வரிசையாக நிற்க, கீழே அக்கா தலையைக் கவிழ்த்துச் சுருள்முடியைச் சீப்பால் கலைத்து ஸ்பிரே அடித்துக்கொண்டிருப்பாள். ஆம்பிளைகளின் படம் ஒட்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். மீறினால் ரேடியோவும் சேர்ந்து குப்பைக்குப் போகும். ஒருநாள் தோய்த்த உடுப்போடு வந்த அம்மா சுவரைப் பார்த்து, "வடிவான பெட்டையள், உடுப்புத்தான் சரியில்லை" என்றுவிட்டுப் போனார். அக்கா தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கதவடியில் நின்ற அப்பா கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

மண்டபத்துக்குப் போகும்போது, காரில் பக்கத்தில் இருந்த அப்பாவுக்கு இதைச் சொன்னேன். பின் சீட்டில் அம்மா நித்திரை.

"ஆம்பிளையள் எண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றார் அப்பா. "மெல்லக் கதை. கொம்மாவுக்கு இன்னும் தெரியாது."