அக்காவின் தலைகீழ் வானம்

என் அக்கா பத்தொன்பது வருடமாகப் பல் செய்கிறாள். பல் டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்ப, லேபில் உட்கார்ந்து மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, உலோகம் ஊற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் மென்று தின்கிறார்கள். நன்றி மட்டும் டாக்டருக்குப் போகும். விசேஷ வீட்டில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அக்கா என் விலாவில் இடிப்பாள். "மேல் வரிசைல நாலாவது, என்னோடது" என்று காதோடு சொல்வாள்.

அந்தக் கை சும்மா இருக்குமா? நாற்பது வயதில் வெள்ளி டாலர் செய்யக் கிளம்பினாள். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, பூதக்கண்ணாடி வைத்த விளக்கு. அதே மெழுகு, அதே அச்சு, ஊற்றுவது மட்டும் வெள்ளி. சமையலறை ஜன்னலில் தெரிகிற வானம்தான் மாதிரி. பாத்திரம் கழுவும்போதே பார்த்து, கிழித்த காலண்டர் தாளில் புள்ளி வைத்துக்கொள்வாள். டாலரில் கீழே எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக இருக்கும். மேலே அன்றைக்கு எத்தனை நட்சத்திரம் தெரிந்ததோ அத்தனை புள்ளி. கூடுதலாக ஒன்று வைக்கச் சொல்லிப் பாருங்கள், முறைப்பாள். மேகம் மூடிய நாளுக்கு ஒற்றைப் புள்ளி டாலர்கூட உண்டு. வெள்ளியைக் கறுக்க வைத்து, தொட்டியையும் புள்ளியையும் மட்டும் மினுங்கத் தேய்ப்பாள்.

கடைத்தெருவில் பெரிய நகைக்கடை முதலாளி, சங்கிலி வளையம் வைப்பதற்கு முன்பே இதில் இரண்டைப் பார்த்துவிட்டு, தனிக் கண்ணாடிப் பெட்டியே தருவதாகச் சொன்னார். பதினைந்து டாலர், பக்கத்தில் அக்கா பெயர் போட்ட அட்டை. அட்டை அச்சாகி வந்த அன்று அதை நாலு தடவை எடுத்துப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பெட்டி வைக்கிற நாளன்று காலையிலேயே முதலாளி கூப்பிட்டனுப்பினார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். சங்கிலி கோத்துக் கழுத்துப் பொம்மைகளில் மாட்டியிருந்தார்கள். எனக்குத் திக்கென்றது.

"என்னம்மா இது, எல்லாம் தலைகீழா இருக்கு? தொட்டி மேல, வானம் கீழ. தண்ணி கொட்டிடாதா?" என்றார் முதலாளி.

சங்கிலி கோக்கிற வளையத்தைப் பதினைந்திலும் தொட்டிப் பக்கம் வைத்திருந்தாள். மானம் போச்சு என்று நினைத்தேன். அக்கா அசையவில்லை.

"தெரிஞ்சுதான் சார் வச்சேன். போட்டுக்கிறவங்க குனிஞ்சு பார்த்தா நேரா தெரியும்."

"எதிர்ல நிக்கிறவங்க பார்க்கத்தானேம்மா நகை?"

"பல்லுதான் சார் அப்படி. நான் செஞ்ச பல்லை வச்சிருக்கிறவங்களால பார்க்க முடியாது. இதையாவது போட்டுக்கிறவங்க பார்க்கட்டும்."

முதலாளிக்கு அது காதில் ஏறவில்லை. வளையத்தை மாற்றினால் பெட்டி உண்டு, இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். நான் அக்காவைக் கிள்ளினேன். "அஞ்சு நிமிஷ வேலைக்கா. மாத்திக் குடுத்துடு. உன் பேர் வருது."

"பேர் வருதுன்னுதான் மாத்த மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். அதற்குள் அவள் கவுன்ட்டர் பெண்ணிடம் ஒரு தட்டு வாங்கி, பொம்மைகளிலிருந்து டாலர்களைச் சங்கிலியோடு கழற்றி அதில் படுக்கவைத்தாள். வாங்குகிறவர் நிற்கும் பக்கமாகச் சங்கிலிகள் வந்தன.

"வாங்குறவங்க பக்கம் வந்து பாருங்க சார்."

முதலாளி சுற்றிக்கொண்டு வந்து குனிந்தார். தொட்டி கீழே, வானம் மேலே. அவர் சிரிக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும். ஒண்ணாவது போகலைன்னா எடுத்துடணும்" என்றார்.

மதியம் வரை தட்டுப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அக்கா லேபுக்கு லீவு சொல்லிவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நாலு மணிக்கு மேல் ஆஸ்பத்திரி யூனிஃபார்மில் ஒரு அம்மா வந்தார். தட்டைப் பார்த்தார், ஒன்றை எடுத்து மாட்டினார், கண்ணாடியில் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. "தலைகீழா இருக்கே" என்றார். முதலாளி எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"கண்ணாடியை விடுங்க மேடம்," என்றாள் கவுன்ட்டர் பெண். "குனிஞ்சு பாருங்க."

அந்த அம்மா குனிந்தார். டாலரை இரண்டு விரலால் கொஞ்சம் தூக்கி, நகநுனியால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்தும் நிமிரவில்லை.

"கழட்ட வேணாம்," என்றார் கடைசியில். "இப்படியே போட்டுட்டுப் போறேன். யார் செஞ்சது இது?"

அக்கா, பழக்கதோஷம், பதில் சொல்ல வேண்டியது வேறு யாரோ என்பதுபோல முதலாளியைப் பார்த்தாள். அவர் அக்கா பெயர் போட்ட அந்த அட்டையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் அக்கா. கடை முழுக்கக் கேட்டது.