மூன்று தட்டும் ஏழுமலையும்

"இன்னா டீச்சர், ஒரு கூடை கொசுவைத் தொறந்து வுட்ட மாதிரி கீது!"

சென்னை அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில், சின்னக் கிட்டார் போல நாலு தந்தி கொண்ட உகுலேலேவுக்கு நான் குழு வகுப்பு தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை சொன்னது இது. அவர் சொன்னதில் தப்பில்லை. எல்லோர் கையிலும் புதுக் கருவி. புது நைலான் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஒருவருடையதை டியூன் செய்துவிட்டு அடுத்தவரிடம் போவதற்குள் முதலாமவருடையதில் சுருதி இறங்கிவிடும். அன்றைய வகுப்பு முழுக்க டியூனிங்கிலேயே போயிற்று. ஆனாலும் அடுத்த வாரம் எல்லோரும் வந்தார்கள். இது நிலைக்கும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கு முன் பல வருடங்கள் பள்ளிகளில் கீபோர்டும் கிட்டாரும் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருவரை வாசிக்க வைப்பது ஒரு வேலை. ஒரு கூட்டத்தைச் சேர்ந்து வாசிக்க வைப்பது முற்றிலும் வேறு வேலை. இப்போது வகுப்பு எடுக்கத் தொடங்குகிறவர்களுக்காக, அந்த இரண்டாவது வேலையில் நடந்ததை எழுதுகிறேன்.

1. தெரியாத பாட்டு

முதலில் ஹவாய்த் தீவுப் பாட்டு ஒன்று, பிறகு ஜப்பானியத் தாலாட்டு, அதன்பின் மூன்று தட்டில் போகும் மெக்சிகோ நாட்டு வால்ட்ஸ் என்று வரிசையாகக் கொடுத்தேன். மூன்றாவது வாரமே தேவகி கேட்டுவிட்டார்.

"மேடம், ஒரு சினிமாப் பாட்டு சொல்லிக்கொடுங்களேன். வீட்டுல வாசிச்சுக் காட்டினா என்ன பாட்டுன்னே யாருக்கும் தெரியல."

தேவகியின் கணவருக்கு ஆவடி டிஃபென்ஸ் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. மகளுக்கு வாங்கி, அவள் தொடாமல் போட்ட உகுலேலேயை எடுத்துக்கொண்டு வந்தவர். வகுப்பிலேயே அதிகம் பயிற்சி செய்கிறவரும் அவர்தான்.

"தெரிஞ்ச பாட்டுன்னா ஒவ்வொருத்தரும் மனசுல ஓடுற பாட்டைத்தான் கேப்பீங்க. தெரியாத பாட்டுன்னா வேற வழியே இல்ல, பக்கத்துல இருக்கறவங்க வாசிக்கறதைக் கேட்டே ஆகணும்" என்றேன்.

தேவகி ஒப்புக்கொண்டார். ஏழுமலை மட்டும் யார் வாசிப்பதையும் கேட்கவில்லை.

2. முந்தி ஓடும் கை

ஏழுமலை அம்பத்தூர்–ஆவடி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சீட்டுக்கு அடியில் அடங்குகிற கருவி என்பதால் உகுலேலே வாங்கினாராம். ஸ்டாண்டில் ஆள் ஏறும் வரை வாசிப்பார். ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகள் எல்லாம் சுத்தமாக விழும். ஆனால் வேகம்! நாலாவது வரியிலேயே எங்களை விட்டுவிட்டுப் போய்விடுவார். தந்திகளை வருடும் ஸ்ட்ரம்மிங் சத்தமும் பெரிது என்பதால் பாதிப் பேர் அவர் பின்னால் ஓடுவார்கள், மீதிப் பேர் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த நேரத்தில்தான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்தார். "ஆண்டு விழாவுல உங்க கிளாஸ் வாசிக்கட்டும் மேடம். நல்லா இருந்தா ஹால் தொடர்ந்து உங்களுக்கு. இல்லேன்னா யோகா கிளாஸ்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

மெக்சிகோ வால்ட்ஸைத் தேர்ந்தெடுத்தேன். மெலடி தேவகிக்கு. வகுப்பு முடிந்ததும் தேவகி என்னைத் தனியாகப் பிடித்தார்.

"ஏழுமலை அண்ணன் இருந்தா என்னால வாசிக்க முடியாது மேடம். இந்த ஒரு தடவை அவரை வாசிக்காம உட்கார வச்சிடுங்க."

"உட்கார வைக்க மாட்டேன். வேற இடம் குடுக்கறேன்" என்றேன்.

அடுத்த வாரம் ஏழுமலைக்கு மட்டும் பாட்டு இல்லை. முதல் தட்டில் ஒரு கார்டு. இரண்டிலும் மூன்றிலும் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி 'சக், சக்.' பாட்டு முழுவதும் அவ்வளவுதான். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அல்லாரும் பாட்டு வாசிப்பாங்க, நான் மட்டும் டக்கு டக்குனு தட்டிக்கினு இருக்கணுமா? போங்க டீச்சர்."

உகுலேலேயைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த வகுப்புக்கு வரவில்லை.

3. ஆவடி, ஆவடி

போனில் பேசினால் சரிவராது என்று அம்பத்தூர் ஸ்டாண்டுக்கே போய் அவர் வண்டியில் ஏறினேன். என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல "ஆவடி, ஆவடி" என்று கூவிக்கொண்டிருந்தார். வண்டி நிறைந்ததும் கிளம்பினோம். ஆவடியில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை.

"இன்னா டீச்சர், எறங்கலியா?"

"ஏழுமலை, இத்தனை பேரை ஏத்திக்கிட்டு நிதானமா ஓட்டிட்டு வந்தீங்களே. காலி வண்டின்னா எப்படி ஓட்டுவீங்க?"

"காலி வண்டின்னா பறப்பேன்."

"கிளாஸ்ல நீங்க காலி வண்டி ஓட்டுறீங்க. அந்த 'சக்'தான் வண்டி. அதுல நாங்க அத்தனை பேரும் ஏறணும். தண்டனைன்னு நெனச்சீங்களா? கைவலு இல்லாதவங்ககிட்ட அதைக் கொடுக்க முடியாது."

அவர் ஹேண்டில் பாரைத் தேய்த்தார்.

"மின்னாடியே இத சொல்லியிருந்தா நான் ஏன் பூடப்போறேன்?" என்றார். "ஞாயித்துக்கெழம வரேன்."

வந்தார். பழகிய பழக்கம் ஒரே நாளில் போகவில்லை. வேகம் ஏறும்போதெல்லாம் தேவகியின் விரல்களைப் பார்க்கச் சொன்னேன். பார்க்கப் பார்க்கக் கை அடங்கியது.

4. விழா நாள்

மேடையில் தேவகி முதல் சுற்றை அழகாக வாசித்தார். இரண்டாவது சுற்றின் நடுவில் கீழே யாரோ கைதட்ட, அவருக்கு இடம் தவறியது. விரல் நின்றுவிட்டது. மெலடி இல்லை. பின்னால் வாசித்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

ஏழுமலை மட்டும் நிறுத்தவில்லை. ஒன்று, சக், சக். ஒன்று, சக், சக். ஓடவும் இல்லை, தயங்கவும் இல்லை. மெல்லத் தேவகி பக்கம் திரும்பி, "மொதல்லேர்ந்து வாம்மா, நான் கீறேன்" என்றார். இரண்டு வரி அந்தத் தட்டு மட்டும் ஹாலில் கேட்டது. தேவகி கண்ணை மூடித் திறந்து, முதல் வரியிலிருந்து எடுத்தார். மற்றவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அது பாட்டிலேயே அப்படித்தான் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"நடுவுல அந்த டக்கு டக்கு பிரமாதம் மேடம்" என்றார் செயலாளர். "அடுத்த வருஷம் ஒரு தமிழ்ப் பாட்டும் போடுங்க. ஹால் உங்களுக்குத்தான்."

மேடைக்குப் பின்னால் தேவகி ஏழுமலையிடம் போனார். "உங்களை உட்கார வைக்கச் சொன்னதே நான்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டார். ஏழுமலை சிரித்தார். "அப்பவே நெனச்சேம்மா. அன்னிக்கு நான் ஓடுன ஓட்டத்துக்கு நானே சொல்லியிருப்பேன்."

குழு வகுப்பு எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முந்தி ஓடுகிறவரை ஓரமாக உட்கார வைக்காதீர்கள். மற்றவர்கள் நம்பி நிற்க வேண்டிய வேலையை அவரிடம் கொடுங்கள். ஏன் கொடுக்கிறீர்கள் என்பதை அன்றைக்கே சொல்லியும் விடுங்கள்.