பின்னறைக் காற்று

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. இலை பறிக்கும் கூலிகூடத் தேறாமல் பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் மலையூரான அரவேணுவில் வீடுகள் விலைக்கு வந்ததும் அப்போதுதான். என் கணவருக்கு பஸ் தூரத்தில் வெலிங்டனில் குமாஸ்தா வேலை. முதல் குழந்தை என் வயிற்றில் இருந்தது. வாடகை வீட்டின் ஈரம் தாங்காமல் சொந்த வீடு தேடிக்கொண்டிருந்தோம்.

தரகர் காட்டிய வீடு பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. முன்பக்கம் நல்ல வெயில். பின்னறைச் சுவர் மட்டும் மண்ணோடு ஒட்டியிருந்தது. அந்த அறைக்கு ஜன்னலே இல்லை. குளிருக்கு அடக்கமாக இருக்கிறது, இங்கேயே தொட்டில் கட்டிவிடலாம் என்றேன்.

வீட்டை விற்பவர் அப்போது முன்னால் வந்தார். சமவெளியிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்து, பிறகு தேயிலையும் போட்டவர். சமீபத்தில்தான் மனைவியை இழந்திருந்தார்.

"அம்மணி, இந்த ரூம்ல கொழந்தையப் போடாதீங்க."

தரகர் அவர் கையை அழுத்தினார். "ஏனுங்க, அதெல்லாம் இப்ப எதுக்குங்க?"

"சொல்லாம விக்க மனசு வர்லீங்க."

அவர் விவரம் சொன்னார்: கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஊரில் சில வீடுகளில் காற்றை அளக்கும் சின்ன டப்பாக்களைத் தொங்கவிட்டு, சில மாதம் கழித்து எடுத்துப் போயிருக்கிறார். இந்த அறையில் ரேடான் என்ற வாயு அளவுக்கு மீறி இருந்ததாம். பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கசிந்து, தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் வருவது. நிறமோ மணமோ கிடையாது; நாளாவட்டத்தில் நுரையீரலில் புற்று வரவைக்கக்கூடியது. முடிவு தெரிவதற்குள் இவர் மனைவி நுரையீரல் புற்றுநோயில் இறந்துவிட்டார்.

"சிகரெட் வாடையே ஆகாதுங்க அவளுக்கு. பகல் பூரா இங்கதான் தையல் மிஷின்ல உக்காந்திருப்பா. குளுருதுன்னு நாந்தான் கதவச் சாத்திச் சாத்தி வெச்சேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ் ஏறினோம். "வேற ஊடு பாக்கலாம்," என்றார் கணவர். சரியென்றேன். ஆனாலும் மனம் அடங்காமல் அந்த ஆசிரியரைத் தேடிப் போனோம்.

"வேற ஊட்ல இல்லைன்னு எப்படிங்க சொல்வீங்க?" என்றார் அவர். "பக்கத்துப் பக்கத்து ஊட்லயே அளவு மாறும். அளந்து பாத்தாத்தான் தெரியும். இங்க இருக்கறது தெரிஞ்சுபோச்சு. இனிச் சரி பண்ணீரலாம்."

தரை வெடிப்புகளை அடைக்க வேண்டும், காற்று போய்வர வழி வேண்டும், பிறகு மறுபடி அளக்க வேண்டும் என்றார். வீட்டில் யாராவது புகைபிடித்தால் ஆபத்து இன்னும் கூடுமாம். கணவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அவர் சிகரெட் பிடித்து நான் பார்க்கவில்லை.

நிலப்பத்திரம் பார்த்தோம், தண்ணீர் வருமா என்று கேட்டோம். உள்ளே இருக்கும் காற்றைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. விற்க வந்த அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தால் தெரிந்தே இருக்காது. வாங்கினால் அவரிடமே வாங்குவது என்று முடிவு செய்தோம்.

வீட்டை வாங்கித் தரை வெடிப்புகளை அடைத்தபின், பின்னறையின் பக்கவாட்டுச் சுவரை இடித்து ஜன்னல் வைத்த அன்று அவர் வந்தார். செங்கல் விழுந்து வெளிச்சம் உள்ளே வந்தது. தையல் மிஷின் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"இத முன்னாடியே பண்ணியிருந்தா அவ இருந்திருப்பாளாங்க?"

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது, ஆசிரியரிடம் கேட்டுமிருந்தேன். தனியொருவருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றிருந்தார். அதையே சொன்னேன். அது அவருக்கு ஆறுதலா பாரமா, தெரியவில்லை. தலையசைத்துவிட்டு, மேஸ்திரியிடம் போய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாக வைக்கச் சொன்னார்.

ஆசிரியர் மறுபடி தொங்கவிட்டு, குளிர்காலம் முடிந்தபின் எடுத்த டப்பாவில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அதற்குள் வீட்டை விற்றவர் சமவெளியில் மகன் வீட்டோடு போய்விட்டார். போனில் சொன்னேன்.

"நல்லதுங்க அம்மணி," என்றார். "பனி பேஞ்சாலும் அந்த ஜன்னலத் தொறந்தே வெய்யுங்க."